சாவிப் பாத்தி

அந்த அளவுநாடாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள் தம்பி. கீரை மேல் படுகிறது.

இல்லை, நீங்கள் மிதிக்கவில்லை. நாடாவின் நுனிதான் இலையில் உரசியது. இந்தக் கீரைக்கு இலை மெல்லிசு, நகம் பட்டால்கூட அந்த இடம் கறுத்துவிடும். நீங்கள் அளந்துகொள்ளுங்கள். இனி உங்கள் வீடு, அளக்காமல் எப்படி? சுவரிலிருந்து வேலி வரைக்கும்தானே? தரைக்கு சிமெண்டு போட்டு, கூரையை இழுத்து, பின்னால் ஒரு சமையலறை. என் மகன் சொன்னான். இந்த வரிசையில் எல்லா வீட்டையும் அப்படித்தான் இழுத்துவிட்டார்கள். எங்கள் வீடும் பக்கத்து வீடும்தான் பாக்கி.

கான்ட்ராக்டர் திங்கட்கிழமை வருகிறார் என்றீர்களே, அது மாற்ற முடியாத தேதியா?

சும்மா கேட்டேன். கேட்டால் வாயா வலிக்கப்போகிறது.

மகன் ஜொகூரிலிருந்து வரவேண்டும். மத்தியானத்துக்கு மேல் ஆகிவிடும். உங்களுக்குப் பால் விடாமல் ஒரு தே ஓ கலக்கித் தரலாம் என்றால் கேத்தலைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருங்கள். வெயில் இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இது என்ன கீரை என்று தெரிகிறதா? கடையில் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருப்பானே. வெள்ளைத் தண்டு, கரண்டி மாதிரி குழிந்த அடி. சீனன் பக்சோய் என்பான். மலாய்க்காரர் சாவி என்பார்கள். நம்மவர்களும் அப்படியே சாவி ஆக்கிவிட்டோம். நான் மட்டும் பக்சோய் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். கேமரன் மலையிலிருந்து ஈப்போ மொத்தச் சந்தைக்கு லோரி ஓட்டினவன் நான். பாதி ஆயுசு. விடிவதற்குள் இறக்கியாக வேண்டும். கூடை கூடையாக இந்தக் கீரைதான். எத்தனை டன் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். அதனால் இந்தக் கீரையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

என் மனைவி சௌந்தரத்துக்கு அது சாவிதான். அவள் எஸ்டேட்டில் பிறந்தவள். இந்தப் பாத்தி அவள் போட்டது. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது இங்கே ஒன்றும் இல்லை, வீடு கட்டினவன் விட்டுப்போன செங்கல் துண்டும் லாலான் புல்லும்தான். அவள் கொத்திக் கொத்தி மண்ணாக்கினாள். முட்டை அட்டையில் விதை போடுவாள். நாலு இலை விட்டதும் சாயங்காலமாகப் பார்த்து எடுத்து நடுவாள். உச்சி வெயிலுக்குப் பழைய கைலியைக் குச்சியில் கட்டி நிழல் கொடுப்பாள். அரிசி கழுவின தண்ணீரை ஊற்றுவாள். இலையைப் புரட்டிப் புரட்டிப் புழு பொறுக்குவாள். மருந்தே அடித்தது கிடையாது.

லோரியிலிருந்து வந்து நான் படுத்திருப்பேன். அவள் பின்கதவைத் திறக்கிற சத்தம் கேட்கும்.

"எங்க போறே?"

"சாவியப் பாத்துட்டு வரேன்."

"எந்தப் பூட்டுக்கு?"

"உங்க வாய்க்கு. போட்டுப் பூட்டினா தேவல."

தினமும் இதே பேச்சுத்தான். எனக்கும் அலுக்கவில்லை, அவளுக்கும் அலுக்கவில்லை. சில நாள் நான் தூங்கிப்போய்க் கேட்காமல் விட்டால், திரும்பி வந்து அவளே கேட்பாள், "ஏங்க, எந்தப் பூட்டுக்குன்னு கேக்கலியா?" என்று.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், நல்ல வேடிக்கைதான் அது.

அந்த ஓரத்தை அளந்தாயிற்றா? அங்கே ஒரு பிளாஸ்டிக் குழாய் மண்ணுக்குள் போகிறது, கான்ட்ராக்டரிடம் சொல்லுங்கள்.

அவள் விழுந்தது இந்த இடத்தில்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடமில்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி. காலையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு யோக் லான்தான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். நான் வந்து பார்க்கிறேன், குழாயிலிருந்து தண்ணீர் அவள் புடவை மேலே ஓடிக்கொண்டிருக்கிறது. வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. கண் மட்டும் என்னைப் பார்க்கிறது.

ஆஸ்பத்திரியில் தாதி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தாள். தாலி, தோடு, சாவிக்கொத்து. அந்தக் கொத்து எப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கும். குளிக்கப் போகும்போதுதான் கழற்றுவாள், அதையும் கையோடு குளியலறைக்குள் கொண்டுபோய்விடுவாள். ஏன் என்று கேளுங்கள். சொல்கிறேன். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு சங்கிலி குறைகிறது என்றார்கள். அலமாரியில் சௌந்தரத்தின் சங்கிலி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். குடித்து அழித்தேனா? சூதாடினேனா? கூடப்பிறந்தவளுக்குக் கொடுத்தேன். இவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொன்னால் மட்டும் மாட்டேன் என்றிருப்பாளா? அவளும் சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் பார்க்கிறேன், சாவி இடுப்பில் ஏறிவிட்டது. பிறகு இறங்கவே இல்லை.

எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. இவ்வளவு காலம் கழித்துச் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்பீர்களே என்றுதான்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. நாக்கு புரளவில்லை. டாக்டர் சின்னப் பிள்ளை, உங்கள் வயதுதான் இருக்கும். வரலாம், வராமலும் போகலாம், ஒன்றிரண்டு சொல் முதலில் வரும் என்றார். வந்தது. என்ன சொல் வந்தது என்று நினைக்கிறீர்கள்? என் பேரா? பிள்ளை பேரா?

"சாவி" என்றாள்.

முதலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. குனிந்து காதை வைத்தேன். திரும்பவும் அதுதான். "சாவி."

"பத்திரமா இருக்கு" என்றேன். "என் பையில்தான் இருக்கு. நான் ஒண்ணையும் தொறக்கல."

இல்லை என்று தலையை ஆட்டினாள். தலை பாதிதான் ஆடியது. இன்னொரு சொல்லும் வந்தது, "தண்ணி." அவளால் விழுங்க முடியாது, ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது என்று கட்டில் தலைமாட்டில் அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். மனுஷனுக்கு அதைவிட என்ன கொடுமை சொல்லுங்கள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைத்தேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தாகத்தோடு இருக்கிறவளுக்குப் பஞ்சு போதுமா? கோபம் வராதா? தண்ணி, சாவி. சாவி, தண்ணி. நான் போகிறபோதெல்லாம் இது இரண்டும்தான். நல்ல கை ஒன்று இருந்ததே, அதைக் கொண்டு ஜன்னல் பக்கம் காட்டுவாள். வெளியே நல்ல வெயில். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வந்து உட்காருவேன்.

எனக்கு உள்ளுக்குள்ளே வெந்தது தம்பி. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, கடைசியில் இவள் என்னிடம் சாவியைக் கேட்கிறாள். நான் அலமாரியைத் திறந்துவிடுவேன், எதையாவது எடுத்து யாருக்காவது கொடுத்துவிடுவேன் என்று. என் தங்கை செத்தே போய்விட்டாள். யாருக்குக் கொடுக்கப்போகிறேன்?

சரி, இவ்வளவு கேட்கிறாளே, கொடுத்துவிடுவோம் என்று ஒரு நாள் கொத்தைக் கொண்டுபோனேன். அந்த நல்ல கையை விரித்து, உள்ளங்கையில் வைத்தேன். "இந்தா. நீயே வெச்சுக்கோ" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன்.

சாவியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? கோபம் இல்லை. அழுகையும் இல்லை. பாஷை தெரியாத ஊரில் வழி கேட்டுவிட்டு நிற்கிற ஆள் பார்ப்பானே, அந்த மாதிரி. விரல் மூடவே இல்லை. கொத்து படுக்கையில் சரிந்து, அங்கிருந்து தரையில் விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரி எழுந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம். நான் குனிந்து எடுத்தேன். அதற்குப் பிறகு சௌந்தரம் சாவி என்று சொல்லவே இல்லை. எந்தச் சொல்லும் சொல்லவில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

கேட்டதைக் கொடுத்தேன். இன்றைக்கும் எனக்கு அதுதான் ஆறுதல். கேட்டதைக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு நாள் பின்கதவைத் திறக்கிறேன், வேலிக்கு அந்தப் பக்கம் யோக் லான் நிற்கிறாள். அவள் அப்பா எஸ்டேட்டில் மளிகைக்கடை வைத்திருந்தவர், அதனால் நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவாள். ஆனால் அவள் தமிழில் மரியாதை கிடையாது, ஆண் பெண்ணும் கிடையாது. எல்லாரும் நீ, எல்லாரும் அவன்.

"ஏய் லோரி," என்றாள். என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "நீ சாவிக்குத் தண்ணி ஊத்தலியா? எல்லாம் செத்துப்போச்சு பார்."

அப்போதுதான் பார்த்தேன். பாத்தி முழுக்க மண்ணோடு மண்ணாக ஒட்டிக் காய்ந்து கிடந்தது. நல்ல வெயில் காலம் அது. நான் பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவன் கீரையையா பார்ப்பான்?

"உன் பொஞ்சாதி என்கிட்டயும் சொன்னான்," என்றாள். "நான் ஆஸ்பத்திரி போய்ப் பார்த்தேன்ல, நீ கீழ கேன்டீன் போயிட்டே. சாவி, தண்ணி, சாவி, தண்ணி. நான் சொன்னேன், லோரிகிட்ட சொல்லு, அவன் ஊத்துவான், நான் பினாங்கு போறேன் மக வீட்டுக்குன்னு. நீ ஏன் ஊத்தல?"

சீனத்திக்கு என்ன தெரியும் தம்பி? அவளுக்குத் தெரிந்த தமிழ் கடைத் தமிழ். அரிசி, பருப்பு, சாவி. ஒரு பெண் சாகக் கிடக்கிறாள். பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருக்கிறான். அவள் கீரையைப் பற்றியா கேட்பாள்? நீங்களே சொல்லுங்கள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன் எனக்குத் தெரியாதா அவள் எதைக் கேட்டாள் என்று? யோக் லானிடமே சொன்னேன், "நீ போய் உன் வேலையப் பாரு" என்று. கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தாள்.

அதற்கப்புறம்தான் நான் இந்தப் பாத்தியில் இறங்கினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மண் சும்மா கிடக்கிறதே என்றுதான். அவள் வைத்திருந்த விதை டப்பாவில் மிச்சம் இருந்தது.

ஒன்றும் சரியாக வரவில்லை தம்பி. உள்ளதைச் சொல்கிறேன். நெட்டையாக வளர்ந்து சாயும். தண்டு பிடிப்பதற்கு முன்னாலேயே நடுவில் குருத்து எழும்பி மஞ்சள் பூ பூத்துவிடும். பூத்தால் முடிந்தது, கசக்கும். பூக்காதது அடியில் அழுகும். நத்தை தின்றது பாதி. கோழி எரு போட்டேன், உரம் வாங்கிப் போட்டேன். என் அப்பா கப்பலேறி வருவதற்கு முன் நாட்டில் நெல் போட்டவர். பால் பிடிக்காத நெல்லைச் சாவி என்பார், "இந்த வருஷம் எல்லாம் சாவியாப் போச்சு" என்பார். என் சாவியெல்லாம் அந்தச் சாவிதான்.

தண்ணீர் மட்டும் நான் குறை வைத்ததில்லை. காலையில் ஊற்றுவேன், உச்சியில் ஊற்றுவேன், சாயங்காலம் ஊற்றுவேன். மழை பெய்தாலும் ஊற்றுவேன். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போனாலும் ஒரு வாளி ஊற்றிவிட்டு வந்தால்தான் உட்கார முடியும்.

யோக் லான் வேலியில் கையை வைத்துக்கொண்டு பார்ப்பாள். "ஏய் லோரி, நீ தண்ணி ஊத்தி ஊத்திக் கொல்றே. வேர் அழுகுது. போதும், நிறுத்து."

"காயக் கூடாதுல்ல" என்பேன்.

"காயாது. செத்துப்போவும்."

"தண்ணி ஊத்தி எதுவும் சாவாது" என்பேன். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

வருஷக்கணக்காக இப்படியே போயிற்று. விதை போடுவேன், முளைக்கும், நடுவேன், போய்விடும். சௌந்தரம் செய்த மாதிரியே ஒரே ஒரு கீரை. வெள்ளைத் தண்டு குழிந்து, கையில் எடுத்தால் கனமாக. ஒன்று வந்துவிட்டால் நெத்திலி போட்டுப் பிரட்டி, அவள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அதோடு இந்த வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது பாருங்கள், இந்த ஈட்டில்தான் வந்திருக்கிறது. அதோ, ஓரத்தில் நிற்கிறதே, அது. மற்றதெல்லாம் சுமார். அது ஒன்று அசல் அவள் போட்டது மாதிரி. அடி திரள ஆரம்பித்திருக்கிறது. தொட்டுப் பாருங்கள். மெதுவாக.

எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? இந்தத் தடவை நட்ட கையோடு எனக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மகன் வந்து ஜொகூருக்குக் கூட்டிப்போய் வைத்திருந்தான். வீட்டை விற்கிற பேச்சும் அங்கேதான் முடிந்தது. திரும்பி வந்து பார்க்கிறேன், இப்படி நிற்கிறது. போவதற்கு முன்னால் அடியுரம் நன்றாக வைத்திருந்தேன், அதுதான் வேலை செய்திருக்கிறது. யோக் லான் சாயங்காலம் மட்டும் வேலி வழியாகக் கொஞ்சம் தெளித்தாளாம். பெருமை அடித்துக்கொள்கிறாள், தெளித்ததிலா வளரும்?

விஷயம் இதுதான் தம்பி. இன்னும் இரண்டு மூன்று வாரம் நின்றால் போதும். தண்டு முற்றாமல் நல்ல பருவத்துக்கு வந்துவிடும். நான் பஸ் ஏறி வருவேன். வந்து வெட்டிக்கொண்டு போய்விடுவேன். நீங்கள் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம், அதை யோக் லான் பார்த்துக்கொள்வாள். கான்ட்ராக்டரை இந்த ஓரத்தை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும். முழுப் பாத்தியைக் கேட்கவில்லை. இந்த ஓரம் மட்டும்.

தலையை ஆட்டுகிறீர்கள். "பாக்கலாம் அங்கிள்" என்கிறீர்கள். நானும் லோரி ஓட்டிய காலத்தில் எத்தனையோ தோட்ட முதலாளிகளிடம் "பாக்கலாம் தவுக்கே" என்று சொல்லியிருக்கிறேன். பரவாயில்லை. உங்கள் மேல் தப்பில்லை. கான்ட்ராக்டர்காரன் சிமெண்டு கலக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்திருப்பான். ஒரு கீரைக்காக நிறுத்து என்றால் சிரிப்பான். நீங்கள் அவனிடம் சொல்லவே மாட்டீர்கள். நானாக இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

பெயர்த்துக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். மகன் வீடு பதினான்காவது மாடி. சீனர்களுக்கு நாலு ஆகாது என்று லிஃப்டில் பதிமூன்று ஏ என்று போட்டிருக்கிறார்கள். பேரை மாற்றினால் மாடி இறங்கிவிடுமா? பால்கனியில் ஒரு தொட்டி வைக்கலாம் என்றுதான் மகன் சொன்னான். தொட்டியில் தண்ணீர் தேங்கும், கொசு வரும், டெங்கி அதிகாரி வந்து அபராதம் போடுவார் என்றாள் மருமகள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. நான் ஊற்றுகிற தண்ணீர் அவளுக்குத் தெரியும். அங்கே எனக்கு ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு கட்டடத்தின் ஜன்னல். இனி அதுதான். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் நடப்பதுதான்.

பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். நீங்கள் நாடாவைச் சுருட்டிவிட்டீர்கள். கிளம்ப வேண்டும், இல்லையா? வேலைக்குப் போகிற பிள்ளை.

என்ன கேட்டீர்கள்?

சாவியா?

இருங்கள், இருங்கள். எழுந்திருக்க வேண்டாம், நானே எடுத்துத் தருகிறேன். முட்டி மடங்கத்தான் கொஞ்சம் நேரமாகும். இதோ, ஓரத்தில் நிற்கிறதே, இதுதான். சும்மா இழுத்தால் தண்டு ஒடிந்துவிடும். அடியில் பிடித்து, இப்படி இரண்டு பக்கமும் அசைத்து, மெதுவாக. வந்துவிட்டது. வேரைப் பாருங்கள், அழுகலே இல்லை. மண்ணை உதறித் தருகிறேன். பிடியுங்கள்.

ஏன் தம்பி, கையை நீட்டுங்கள். சாவிதானே கேட்டீர்கள்?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இப்படித்தான். அவளும் இப்படித்தான் பார்த்தாள்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது தம்பி. நீங்களே போய் எடுத்துக்கொள்ளுங்கள். என் கை இரண்டிலும் மண்.